அப்பாவும் நீலத்திமிங்கலமும்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பதிவு இது. பெங்களூரில் இருக்கும் நம் ஆட்கள் லீவு விட்டால் எங்கே போவோம்? ஒன்று, ஊர். இல்லாவிட்டால் மைசூர், கூர்க், ஊட்டி. கொஞ்சம் துணிச்சல் வந்தால் கோவா. 2025 பொங்கலுக்கு நாங்கள் இந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, இலங்கையின் தெற்குக் கடற்கரையில் இருக்கும் மிரிஸ்ஸ என்கிற ஊருக்குப் போய், படகேறித் திமிங்கலம் பார்த்துவிட்டு வந்தோம். பயணக்கட்டுரை மாதிரி ஆரம்பித்து நடுவில் பேங்க் கதைக்குள் போய்விடும். பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில் நாள் கணக்கு. பேங்க்காரனுக்கு லீவு என்பது பஞ்சாங்கம் பார்க்கிற மாதிரி. ஜனவரி 11 இரண்டாவது சனி. 12 ஞாயிறு. 14 சங்கராந்தி, கர்நாடகத்தில் எங்களுக்கு விடுமுறை. நடுவில் திங்கள் ஒரு நாள் போட்டால் முழுசாக நாலு நாள். மார்ச் வந்துவிட்டால் வருடக் கணக்கு முடிப்பு, மூச்சு விட முடியாது. எல்.எஃப்.சி. வெளிநாட்டுக்குச் செல்லாது, கைக்காசுதான். ஆனால் பெங்களூரிலிருந்து கொழும்புக்கு விமானம் சுமார் ஒன்றரை மணி நேரம். டின் ஃபேக்டரியிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் திங்கட்கிழமை காலையில் போனவர்களுக்குத் தெரியும், இது ஒரு தூரமே இல்லை என்று.

ஐடியா கொடுத்தது மகள். எட்டாம் வகுப்பு, கடல் பாலூட்டிகள் பற்றி ஒரு ப்ராஜெக்ட். கன்னடத்திலும் திமிங்கிலம்தானே என்று இங்கே பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு வந்தாள். உலகத்தின் மிகப் பெரிய பிராணி நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, நாம் ஏன் போகவில்லை என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள். நான் வழக்கம்போல "பாக்கலாம்" என்று சொல்லி முடித்திருப்பேன். அப்போது அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"நான் பாத்ததெல்லாம் செத்த திமிங்கலம்லா. உசுரோட ஒண்ணு பாக்கணும்."

அப்பாவுக்கு வயது 74. அம்மா போனபிறகு எங்களோடு ராமமூர்த்தி நகரில் இருக்கிறார். எனக்கு இது வேண்டும் என்று அவர் கேட்டு நான் பார்த்ததே இல்லை. மூக்குக்கண்ணாடி உடைந்தால்கூட நாலு நாள் கழித்து நாமாகக் கவனித்தால்தான் உண்டு. அன்றைக்கு ராத்திரியே தங்கமணி டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அப்பா சொன்னதற்கு ஒரு பின்கதை இருக்கிறது. கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் உடன்குடிப் பக்கம். 1973-ல் அப்பா தூத்துக்குடியில் ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அந்த வருடம் ஜனவரியில், பொங்கல் சமயத்தில், தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரையில் 147 திமிங்கலங்கள் கரை ஒதுங்கின. மண்டியில் எல்லோரும் கடையைச் சாத்திவிட்டு சைக்கிளில் பார்க்கப் போயிருக்கிறார்கள். கறுப்பாக, மழமழவென்று, வரிசையாகக் கிடந்தனவாம். சிலதுக்கு இன்னும் மூச்சு இருந்ததாம். "என்ன செய்யன்னு யாருக்கும் தெரியல. சுத்தி நின்னு பாத்தோம். அவ்வளவுதான்" என்பார். எங்கள் சின்ன வயதில் மழை பெய்து கரண்ட் போன ராத்திரிகளில் இந்தக் கதை வரும்.

அவை பைலட் திமிங்கலங்கள். பெயர்தான் திமிங்கலம், உண்மையில் ஓங்கில் குடும்பம். (டால்பினை எங்கள் பக்கத்துக் கடற்கரையில் ஓங்கில் என்போம்.) கூட்டமாகவே வாழும், கூட்டமாகவே போகும். ஒன்று வழி தவறினால் மற்றவை அதை விட்டுவிட்டுப் போகாது. அதனால்தான் கரை ஒதுங்கினால் பத்து, நூறு என்று ஒதுங்குகின்றன.

சரியாக 43 வருடம் கழித்து, 2016 ஜனவரியில், மறுபடி பொங்கலுக்கு முன்னால், மணப்பாடு, கல்லாமொழிப் பக்கம் அதே இனம் 80-க்கும் மேல் கரை ஏறின. அப்போது அப்பா ஊரில் இருந்தார். வயது அறுபத்தைந்து ஆகியும் பைக் பின்னால் ஏறிப் போய்விட்டார். இந்தத் தடவை மீனவர்கள் சும்மா நிற்கவில்லை. கயிறு கட்டி, படகில் இழுத்து, தோள் கொடுத்துத் தள்ளி, ஆழத்துக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். விட்டவற்றில் பல திரும்பவும் கரைக்கே வந்தன. கூட்டாளி கரையில் கிடக்கும்போது அவை எங்கே போகும்? சில தப்பின. நாற்பதுக்கும் மேல் செத்தன. பொக்லைன் வைத்துக் குழி தோண்டிக் கடற்கரையிலேயே புதைத்தார்கள்.

அப்பா அன்றைக்குப் போனில் பேசியது எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. "ஏல, எத்தன மட்டம் தள்ளுனாலும் திரும்பித் திரும்பி வருதுல. கண்ணத் தொறந்து பாக்குது. நம்மளப் பாக்குது." அதற்கு மேல் பேச்சில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து இரண்டு தடவை அலோ சொன்னேன்.

யோசித்துப் பாருங்கள், நம்மில் பெரும்பாலானோர் பார்த்த திமிங்கலமும் அதுதான். ஒன்று கரை ஒதுங்கிய செய்திப் படம். இல்லாவிட்டால் எழும்பூர் மியூசியத்தில் ஸ்கூல் டூரில் பார்த்த எலும்புக்கூடு. இவ்வளவு நீளக் கடற்கரை வைத்திருக்கும் நமக்குத் திமிங்கலம் என்றாலே பிணம்தான்.

சரி, மிரிஸ்ஸவுக்கு வருவோம்.

கொழும்பு விமான நிலையத்திலிருந்து வேன். தெற்கு அதிவேகச் சாலையில் ஏறிவிட்டால் வழி நெடுக ரப்பர், தென்னை, வயல். நம்ம கேரளா மாதிரியே இருக்கே என்று தங்கமணி ஐந்து தடவையாவது சொல்லியிருப்பார். பெயர்ப் பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும். பெங்களூரில் வளர்ந்த மகள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அன்றைக்கு வேனில் உட்கார்ந்து "வெ-லி-க-ம", "மாத்-த-றை" என்று பலகை பலகையாகப் படித்துக்கொண்டு வந்தாள். தாத்தா திருத்திக்கொண்டு வந்தார். டிக்கெட் காசு அங்கேயே வசூல் என்று வைத்துக்கொண்டேன்.

மிரிஸ்ஸவில் ஏன் திமிங்கலம்? கடல் அமைப்புதான் காரணம். நம் மன்னார் வளைகுடாவில் கரையோரக் கடல் ரொம்ப தூரத்துக்கு ஆழமில்லாமல் கிடக்கும். இலங்கையின் தென்முனையில் அப்படி இல்லை. கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடலடி திடீரென்று இறங்கி, ஆயிரம் மீட்டருக்குப் போய்விடுகிறது. ஆழக்கடல் பிராணியான நீலத்திமிங்கலம் கரைக்கு இவ்வளவு அருகில் வருவது அதனால்தான்.

இன்னொரு விசேஷமும் உண்டு. மற்றக் கடல்களின் நீலத்திமிங்கலங்கள் பொதுவாகக் குளிர்ந்த கடலுக்குப் போய்த் தின்னும், குட்டி போட வெப்பக் கடலுக்கு வரும். இலங்கைப் பக்கம் இருப்பவை வெப்பக் கடலிலேயே தின்றும் வாழ்கின்றன. இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் ஆஷா டி வோஸ் என்கிற இலங்கைக் கடல் உயிரியலாளர். 2003-ல் ஒரு ஆராய்ச்சிக் கப்பலில் இருந்தபோது, திமிங்கலங்களுக்கு நடுவே சிவப்பாக ஏதோ மிதப்பதைப் பார்த்திருக்கிறார். பார்த்தால் திமிங்கலச் சாணி! இங்கே சாணி இருந்தால் இங்கேதானே தின்றிருக்க வேண்டும்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு வாழ்க்கையையே இதற்குக் கொடுத்துவிட்டார். இங்கே இவற்றின் சாப்பாடு பெரும்பாலும் சின்னஞ்சிறு இறால் வகை என்பதும் பின்னால் தெரியவந்தது. 2004 சுனாமிக்குப் பிறகுதான் மிரிஸ்ஸவில் திமிங்கலம் காட்டும் தொழில் வளர்ந்தது.

ஞாயிறு காலை ஆறரைக்குப் படகு. மீன்பிடித் துறைமுகத்தில் போய் நின்றதும் அப்பாவின் முகமே மாறிவிட்டது. வலை, டீசல் வாசனை, கருவாட்டு வாசனை. பெங்களூரில் இத்தனை வருடமாக அவர் தேடிக்கொண்டிருந்த வாசனை அது. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்ட பையன் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுத் தமிழிலேயே பேசினான். வெலிகமக்காரன். ஐயா எந்த ஊர் என்று கேட்டான். "திருச்செந்தூர்" என்றார் அப்பா. அந்தப் பெயர் அவனுக்குத் தெரிந்திருந்தது.

மாத்திரை போட்டும் தங்கமணிக்கு முதல் அரை மணி நேரத்திலேயே தலை சுற்றல். எனக்கும் சுகமில்லை, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. 74 வயதுக்காரர் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜம்மென்று நின்றார்.

முதலில் வந்தவை ஓங்கில்கள். சுழலும் வகை. தண்ணீரிலிருந்து எகிறி, பம்பரம் மாதிரி உடம்பைச் சுற்றிவிட்டு விழுகின்றன. நாற்பது ஐம்பது இருக்கும். படகுக்கு முன்னால் போட்டி போட்டுக்கொண்டு நீந்தின. மகள் கத்திய கத்தலில் எனக்குக் காது அடைத்துவிட்டது. படகில் இருந்த அத்தனை பேரும், ஜெர்மன்காரர், சீனாக்காரர், நாங்கள், எல்லோரும் ஒரே மாதிரி "ஓ" போட்டோம். அதற்கு மட்டும் மொழி தேவைப்படவில்லை.

கரை மங்கலாகிக்கொண்டே வந்தது. தூரத்தில் ஒரு வெள்ளைக் கலங்கரை விளக்கம். பையனிடம் கேட்டேன், தெவிநுவர என்றான். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. அதுதான் நம் பழைய தேனாவரம்! இலங்கையின் பஞ்ச ஈஸ்வரங்களில் தொண்டீஸ்வரம் இருந்த இடம். 1588-ல் போர்த்துகீசியர் இடித்த கோயில். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே 1409-ல் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் வெட்டிக் கொண்டுவந்த கல்வெட்டின் தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்குக் கொடுத்த காணிக்கையைத்தான் சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு என்று பட்டியல் போட்டு. கொழும்பு மியூசியத்தில் இருக்கிறது. அப்போதே இது கப்பல் வழிதான். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எட்டேகால் மணி இருக்கும். பையன் கையை நீட்டினான். "அங்க ஈக்கி ஐயா, நேரா பாருங்க." (அந்தப் பக்கத்து முஸ்லிம்களின் தமிழில் இருக்கிறது என்பதை அப்படித்தான் சொல்கிறார்கள்.) முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு கடலிலிருந்து ஒரு புகைத்தூண் எழும்பியது. இரண்டு மாடி உயரம் இருக்கும். மூச்சு! கொஞ்சம் தாமதமாகச் சத்தம் வந்தது, லாரி ஏர் பிரேக் விடுகிற மாதிரி. அப்புறம் முதுகு. சாம்பலும் நீலமும் கலந்த நிறம். தண்ணீருக்குள் இருக்கிற பகுதி மட்டும் பளீரென்று பச்சை நீலமாகத் தெரிந்தது. முதுகு வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. லெவல் கிராசிங்கில் கூட்ஸ் வண்டி போவதைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி. இரண்டு பி.எம்.டி.சி. பஸ்ஸை ஒன்றின் பின் ஒன்றாக நிறுத்தினால் வருகிற நீளம். கடைசியில், முடியும் இடத்துக்குப் பக்கத்தில், உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் குட்டியாக ஒரு முதுகுத் துடுப்பு.

சிங்களத்தில் நில் தல்மசா என்றான் பையன். நில் என்றால் நீலம். அது எங்களுக்கு மொழிபெயர்க்காமலே புரிந்தது.

இதற்குள் எங்களைச் சுற்றி ஏழெட்டுப் படகு சேர்ந்துவிட்டது. நூறு மீட்டருக்குள் நெருங்கக்கூடாது என்று இலங்கையில் விதி இருக்கிறது. ஆனால் சவாரிக்காரர்களுக்கு நல்ல படம் வேண்டும், அடுத்த படகுக்காரன் முந்திவிடக்கூடாது. ஒரு படகு குறுக்கே வெட்டிப்போய் அதன் முன்னாலேயே நின்றது. திமிங்கலம் மூச்சை முடிக்காமல் அமுங்கியது. எங்கள் படகிலும் முணுமுணுப்பு. நாமும் கிட்டே போகலாமே, இவ்வளவு காசு கொடுத்திருக்கிறோமே என்று. எங்கள் படகோட்டி இன்ஜினைக் குறைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

அப்பா பையனைக் கூப்பிட்டார். "வேண்டாம் தம்பி. இங்கேருந்தே நல்லாத் தெரியுது. அது பாட்டுக்குப் போவட்டும்னு அவருட்ட சொல்லு." அவன் மேலே பார்த்துச் சிங்களத்தில் சொன்னான். படகோட்டி அப்பாவைப் பார்த்துச் சிரித்துக் கையைத் தூக்கினார். இன்ஜின் முழுசாக நின்றது.

பத்து நிமிடம் கழித்து அது மறுபடி எழும்பியது, இந்தத் தடவை எங்கள் பக்கம். மற்றப் படகுகள் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் போயிருந்தன. அமைதியாக நாலைந்து மூச்சு. அப்பா வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். கடைசி மூச்சு முடிந்ததும் முதுகை வில்லாக வளைத்து, வாலை முழுசாக மேலே தூக்கியது. சுவர் மாதிரி நின்றது வால். தண்ணீர் அருவியாகச் சொட்டியது. அப்படியே சத்தமில்லாமல் நேராக உள்ளே இறங்கிவிட்டது. மேலே எண்ணெய் ஊற்றிய மாதிரி வழவழவென்று ஒரு வட்டம் மட்டும் மிச்சம்.

எல்லோரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா கரைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் கேட்டார்: "கரைப் பக்கம் வரலல்லா?"

"இல்லப்பா. தெக்க பாத்துத்தான் போச்சு."

"ம்" என்றார். வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். உப்புத் தண்ணீர் தெறித்திருந்தது என்று வைத்துக்கொள்வோம்.

பதிவை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அதற்கப்புறம் ஒரு கப்பல் வந்தது.

நாங்கள் திரும்ப ஆரம்பித்தபோது தெற்கே அடிவானத்தில் ஒரு பெட்டிக்கடை மாதிரி தெரிந்தது. அது வளர்ந்து வளர்ந்து ஒரு கன்டெய்னர் கப்பல் ஆனது. சிவப்பு, நீலம், பச்சை என்று பெட்டிகள் அபார்ட்மென்ட் மாதிரி அடுக்கியிருந்தன. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் ஒரு எண்ணெய்க் கப்பல். எந்நேரமும் போய்க்கொண்டுதான் இருக்கும் என்றான் பையன். மலாக்கா நீரிணையிலிருந்து சூயஸுக்கும், அரபு நாடுகளுக்கும், நம் மும்பைப் பக்கத் துறைமுகங்களுக்கும் போகிற கப்பல்கள் தேனாவரத்தைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். உலகத்திலேயே நெரிசலான கடல் வழிகளில் இது ஒன்று. சில்க் போர்டு ஜங்ஷன் மாதிரி. அதே இடத்தில்தான் நீலத்திமிங்கலம் சாப்பிட எழும்புகிறது.

இங்கே என் வேலையைச் சொல்ல வேண்டும். நான் பேங்கில் ட்ரேட் ஃபைனான்ஸ் பிரிவில் இருக்கிறேன். பீன்யாவில் செய்கிற மெஷின் பாகம், தொழிற்பேட்டைகளுக்கு வருகிற சீனத்து எலெக்ட்ரானிக்ஸ் சாமான், காப்பி, ரெடிமேட் துணி, இவற்றுக்கெல்லாம் எல்.சி. திறப்பதும் ஆவணம் சரிபார்ப்பதும்தான் தினப்படி. கப்பல் கம்பெனி கொடுக்கும் சரக்கு ரசீதுக்குப் பில் ஆஃப் லேடிங் என்று பெயர். அதில் ஒரு எழுத்து மாறியிருந்தால் பணம் நிற்கும். இந்தத் தொழிலுக்கு உலகம் முழுக்க ஒரே விதிப்புத்தகம், யு.சி.பி. 600. அதில் எங்களுக்கெல்லாம் மனப்பாடமான ஒரு விதி: வங்கிகள் கையாள்வது ஆவணங்களை மட்டுமே, சரக்கை அல்ல. பி.காம். முடித்து வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கப்பலை நான் காகிதத்தில்தான் பார்த்திருக்கிறேன். காகிதத்தில் கப்பலுக்கு எடை இல்லை, சத்தம் இல்லை. அன்றைக்கு அந்த மூன்று கப்பலும் போன கால் மணி நேரத்துக்கு அப்புறம் அலை வந்து எங்கள் படகைத் தூக்கிப் போட்டது. அந்தப் பெட்டிகளில் நான் கையெழுத்துப் போட்ட சரக்குகூட இருக்கலாம்.

ஊருக்கு வந்து தேடிப் படித்தேன். 1960-களில் சோவியத் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலின் வடபகுதியில் ரகசியமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத்திமிங்கலங்களைக் கொன்றிருக்கின்றன. 1979-ல் சர்வதேசத் திமிங்கல வேட்டை ஆணையம் இந்தியப் பெருங்கடலைச் சரணாலயமாக அறிவித்தது. 1986-லிருந்து உலக அளவில் வணிக வேட்டைக்கே தடை. ஆக, இன்றைக்கு இங்கே யாரும் இவற்றை வேட்டையாடவில்லை. ஆனால் கப்பல் இடித்துச் சாகின்றன. 2012-ல் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த ஒரு கன்டெய்னர் கப்பலின் மூக்கில் நீலத்திமிங்கலம் ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டு பிணமாக வந்திருக்கிறது. படம் இருக்கிறது, குழந்தைகளுக்குக் காட்டாதீர்கள். அவ்வளவு பெரிய கப்பலில் மேலே நிற்கிறவருக்கு இடித்தது தெரியவே தெரியாது.

வேதனை என்னவென்றால், தீர்வு ரொம்ப எளிது. மாத்தறையில் இருக்கும் ருகுணு பல்கலைக்கழகத்தினரும் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து கடலில் திமிங்கலங்களைக் கணக்கெடுத்து 2016 வாக்கில் சொன்னது இது: கப்பல் பாதையை 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் இடிபடும் ஆபத்து 95 சதவீதம் குறையும். 15 கடல் மைல் என்பது 28 கிலோமீட்டர்.

கணக்குப் போடாமல் இருந்தால் நான் பேங்க்காரனா? சிங்கப்பூரிலிருந்து சூயஸ் சுமார் 5,000 கடல் மைல். விலகிப் போக 15, திரும்பிச் சேர 15 என்று முழுசாகக் கூட்டினாலும் 30 கடல் மைல். மணிக்கு 15 கடல் மைல் ஓடுகிற கப்பலுக்கு இரண்டு மணி நேரம். சாய்வாக விலகிப் போனால் அதுவும் ஆகாது. சரக்கு ஏற்றிய பிறகு ஆவணத்தைக் கொண்டுவந்து கொடுக்க 21 நாள் தருகிற தொழில் இது. இரண்டு மணி நேரம் எந்தக் கணக்கிலும் வராது.

எம்.எஸ்.சி. என்கிற, உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல் கம்பெனி, 2022-ல் தானாகவே முன்வந்து தன் கப்பல்களை அந்த அளவு தெற்கே தள்ளி ஓட்ட ஆரம்பித்தது. எல்லாக் கம்பெனிகளும் அப்படி வந்துவிடவில்லை. ஆனால் முடியும் என்று ஒருவர் ஓட்டிக் காட்டியாயிற்று.

லீவு முடிந்து புதன்கிழமை ஆபீஸ் போனால், மேஜையில் முதல் கட்டு ஒரு ஏற்றுமதி பில். சென்னையில் ஏற்றி, கொழும்பில் வேறு கப்பலுக்கு மாற்றி, ஐரோப்பா. பில் ஆஃப் லேடிங்கில் எத்தனையோ கட்டங்கள்: ஏற்றும் துறைமுகம், இறக்கும் துறைமுகம், கப்பல் பெயர், எடை, பெட்டி எண். எந்த வழியாகப் போகும் என்பதற்கு மட்டும் கட்டம் கிடையாது. பில்லைக் கொண்டுவந்த கஸ்டமரிடம் காப்பி குடித்துக்கொண்டே இந்தக் கதையைச் சொன்னேன். நல்ல மனிதர், முழுசாகக் கேட்டார். படங்களைப் பார்த்து "சூப்பர் சார்" என்றார். அப்புறம் கேட்டார்: "அவங்க ஃப்ரெய்ட் ரேட் எப்படி சார்?"

நியாயமான கேள்விதான். ஆனால் அடுத்த தடவை புக்கிங் ஏஜெண்டிடம் ரேட்டோடு சேர்த்து இதையும் கேட்டுவிட்டு வந்தார். என்ன பதில் கிடைத்தது என்பதை விடுங்கள். பீன்யாவில் ஒருவர் கேட்டார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

வீட்டில் அப்பா ஊருக்குப் போன் போட்டு ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மணப்பாட்டில் 2016-ல் அவரோடு நின்ற சேக்காளி ஒருவர் இருக்கிறார். அவரிடம் பேசும்போது ஹாலில் நான் இருந்தேன். விமானம், ஹோட்டல், சாப்பாடு எதுவும் சொல்லவில்லை.

"எலே, பாத்தேன்டே. உசுரோட. கரைக்கு வரலடே, நேரா உள்ள போயிட்டு."

பி.கு. போக நினைக்கிறவர்களுக்கு: மிரிஸ்ஸ சீசன் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. அதற்குப் பிறகு கிழக்குக் கரையில் திருகோணமலை. காலையில் வயிற்றை நிரப்பாதீர்கள், கிளம்ப ஒரு மணி நேரம் முன்னாலேயே மாத்திரை போட்டுவிடுங்கள். படகு பேசும்போது விலையை மட்டும் கேட்காமல், எவ்வளவு தூரத்தில் நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். கிட்டே போய்க் காட்டுவோம் என்று பெருமையாகச் சொன்னால் வேறு படகு பாருங்கள். இலங்கை வரை போக முடியாதவர்களுக்கு நம் கார்வார் இருக்கிறது. பெங்களூரிலிருந்து பஞ்சகங்கா எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் காளி ஆற்று முகத்துவாரம். அங்கே முதுகில் திமில் வைத்த ஓங்கில் வகை கரையோரமாகவே சுற்றும். அங்கேயும் படகுக்காரரிடம் இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள்.